கடைசி பெஞ்சுக்குப் பாடம் போய்ச் சேருகிறதா?

"ஏண்ணே, கட்டடம் நல்லா இருந்தா புள்ள படிச்சிருமா? மரத்தடியில படிச்சவங்க பெரிய ஆளா வரலையா?"

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தங்கை ஒருவர் கேட்ட கேள்வி இது. பள்ளிக்குக் கொஞ்சம் பணம் வரும்போல இருக்கிறது. கூரையைச் சரிசெய்வதா, ஸ்மார்ட் போர்டு வாங்குவதா, வாசலில் அலங்கார வளைவு கட்டுவதா என்று குழுவுக்குள் பேச்சு நடக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தோம். அன்று பேசியதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இந்தப் பேச்சு நடக்காத பள்ளி தமிழ்நாட்டில் இருக்காது என்பதுதான் காரணம்.

முதலில் அவருடைய கேள்விக்குப் பதில். கட்டடம் பாடம் நடத்தாது. ஆசிரியர்தான் நடத்துகிறார். ஆனால் அவர் நடத்துவதில் எவ்வளவு பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது என்பதில் அந்த அறைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

புள்ளம்பாடி வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மதகில் திறந்துவிட்ட தண்ணீர் அவ்வளவும் கடைமடைக்குப் போய்ச் சேர்வதில்லை. வழியில் கசிவது, ஆவியாவது, புதரில் தேங்குவது எல்லாம் போக மிஞ்சியதுதான் கடைசி வயலுக்கு. வகுப்பறையிலும் முதல் பெஞ்சு தலைமடை, கடைசி பெஞ்சு கடைமடை. சத்தம், வெக்கை, புழுக்கம், கண்கூச்சம், அடக்கிவைத்த சிறுநீர் என்று ஒவ்வொன்றும் பிள்ளையின் கவனத்தில் ஒரு பங்கைக் கசியவிடுகிறது. பிள்ளையின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. வெக்கையைத் தாங்குவதற்கும், சத்தத்துக்கு நடுவே ஆசிரியரின் குரலைப் பிரித்தெடுப்பதற்கும் அதில் பாதி செலவானால், பின்னத்தைக் கூட்டக் கற்றுக்கொள்ள மீதிதான் இருக்கும். ஆகவே பணத்தைத் தொடுவதற்கு முன்னால் நம் வகுப்பறையில் கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும்.

"சரிண்ணே, சத்தத்துல இருந்தே ஆரம்பிங்க. எங்க ஊர்ல அதுக்குத்தான் குறைவில்ல."

ஆலத்தியூரில் ராம்கோ நிறுவனத்தின் சிமெண்ட் ஆலை 1997 முதல் இயங்குகிறது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை அதற்கும் முன்பே, 1979இல் வந்துவிட்டது. டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று வரிசையாக ஆலைகள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் மாவட்டமே பிழைக்கிறது. கல் ஏற்றிய லாரியும் சிமெண்ட் ஏற்றிய லாரியும் போகிற சாலையோரத்தில் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. லாரியை நிறுத்திவிடுங்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் வகுப்பறைக்குள் என்ன செய்கிறது என்பதை உலகம் 50 ஆண்டுகளுக்கு முன்பே அளந்து பார்த்துவிட்டது. அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூயார்க் நகரில் மன்ஹாட்டனின் வடபகுதியில் ஒரு தொடக்கப்பள்ளி. பக்கத்திலேயே மேம்பால ரயில் பாதை. நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் ஆசிரியர் பேச்சை நிறுத்தியாக வேண்டும், அல்லது கத்தியாக வேண்டும். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் டென்னிஸ் மெக்கார்த்தியுடன் சேர்ந்து அந்தப் பள்ளியை ஆராய்ந்து 1975இல் முடிவை வெளியிட்டார். பாதையைப் பார்த்த வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும், அதே பள்ளியில் மறுபுறம் அமைதியான அறைகளில் இருந்த பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது சத்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு வருடப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள்.

இந்த ஆய்வின் சிறப்பு என்னவென்றால், ஒரே பள்ளி, ஒரே தெரு, ஒரே மாதிரிக் குடும்பங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நல்ல கட்டடத்தில் படிக்கிறார்கள், அதனால் மார்க் வாங்குகிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை. அதன் பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் பொருத்தினார்கள். அதிகச் சத்தம் கேட்ட அறைகளில் ஒலியை உறிஞ்சும் உள்கூரை போட்டார்கள். 1981இல் மறுபடி பார்த்தபோது இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. ஆசிரியர்களையோ பாடப் புத்தகத்தையோ மாற்றி வந்த பலன் இல்லை இது. கசிவை அடைத்ததில் கிடைத்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதிய இடத்தில் திறந்தார்கள். ஆய்வாளர்கள் முன்கூட்டியே இரண்டு பகுதிப் பிள்ளைகளையும் சோதித்து வைத்திருந்தார்கள். பழைய நிலையத்தின் அருகே இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் முன்னேறின. புதிய நிலையத்தின் அருகே இருந்தவர்களுக்கு அவை குறைந்தன.

"எங்களுக்கும்தான் சத்தம் கேக்குது. நாங்க பழகிட்டமே?"

பெரியவர்கள் பழகிக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. பாதி வார்த்தை காதில் விழுந்தால் மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். நமக்கு மொழி தெரியும், விஷயம் தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையே புதிது. 'வகுஎண்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கிற பிள்ளைக்கு அதில் ஓர் எழுத்து லாரிச் சத்தத்தில் போனாலும் சொல்லே போயிற்று. இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பிரித்தறியும் திறன் பதின்பருவம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிற ஒன்று. அதனால்தான் பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. நம் நாட்டுச் சட்டத்திலும் பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் உண்டு. பகலில் அங்கே 50 டெசிபல்தான் வரம்பு. ஹாரன் அடிக்கக்கூடாது.

சத்தம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. சிமெண்ட் தரை, சிமெண்ட் சுவர், வெற்றுக் கூரை உள்ள அறையில் குரல் எதிரொலித்துத் தன் மேலேயே விழுகிறது. பக்கத்து வகுப்புக்கும் நம் வகுப்புக்கும் நடுவே பாதிச் சுவர்தான் என்றால் இரண்டு வாய்ப்பாடுகள் கலந்து கேட்கும். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்று பாடமே இல்லை. தூரம் இரு மடங்கானால் குரலின் வலு திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். அறைக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும் கடைசி பெஞ்சு போய்ச் சேர்வதற்குள் மெய்யெழுத்துகள் மங்கிவிடும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆசிரியர் தன் இயல்பான குரலில், ஒன்றோடொன்று ஒத்த ஓசையுள்ள 20 சொற்களைச் சொல்லட்டும். பனி, பணி, பள்ளி, பல்லி, மறம், மரம் போல. முதல் வரிசையும் கடைசி வரிசையும் எழுதட்டும். பிறகு இடம் மாறி உட்கார்ந்து வேறு 20 சொற்கள். இடம் மாறியதும் தவறும் இடம் மாறினால், பிழை பிள்ளையிடம் இல்லை, அறையில் இருக்கிறது. "அவனுக்குக் கவனமே இல்லை" என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் சிலர் வெறுமனே காதில் விழாதவர்கள்.

"ஜன்னல மூடிட்டா சத்தம் குறையும். ஆனா வெந்துருமேண்ணே."

உண்மை. இதுதான் ஆலத்தியூர் போன்ற ஊர்களின் சிக்கல். ஜன்னலைத் திறந்தால் சத்தமும் புழுதியும், மூடினால் வெக்கையும் புழுக்கமும். ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று பெரிதாகிறது. ஆகவே வெக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே தளமுள்ள பள்ளிக் கட்டடத்தில் வெக்கையின் பெரும்பகுதி கூரை வழியாக இறங்குகிறது. நடுப்பகலில் சூரியன் தலைக்குமேல். சுவரைவிடக் கூரைதான் வெயில் முழுவதையும் வாங்குகிறது. கறுத்துப்போன கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு கோடையில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். கான்கிரீட் அந்தச் சூட்டை மெல்ல மெல்லக் கீழே அனுப்பும். காலை எட்டு மணிக்கு வாங்கத் தொடங்கிய வெயில் மதியத்துக்குப் பிறகு பிள்ளைகளின் தலைமேல் இறங்கும். மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பில் பிள்ளைகள் தூங்கி வழிவதற்குச் சோறு மட்டும் காரணமில்லை. தகரமோ சிமெண்ட் ஷீட்டோ என்றால் அந்தத் தாமதம்கூட இல்லை. வெயில் ஏற ஏறச் சூடு உடனே உள்ளே. அப்போது ஃபேன் போட்டால் அது கூரையின் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

இந்தக் கூரைகள் எப்படி வந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு ஆணையிட்டது. அது செய்தே ஆக வேண்டியது. பிள்ளை உயிரோடு வீடு திரும்புவதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் கீற்று போன இடத்தில் பல ஊர்களில் ஷீட் வந்தது. கீற்று கொடுத்த குளிர்ச்சிக்கு ஈடாக எதையும் நாம் வைக்கவில்லை. தீயிலிருந்து காப்பாற்றிய பிள்ளையை வெக்கையில் உட்காரவைத்துவிட்டோம். பாதுகாப்புக்கு அடுத்த படியாகக் குளிர்ச்சியையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். இன்றும் எடுக்கலாம்.

வெக்கை படிப்பை எவ்வளவு தின்கிறது? அமெரிக்காவில் ஜிசுங் பார்க், ஜோஷுவா குட்மேன் முதலானோர் ஒரே தேர்வை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதிய சுமார் ஒரு கோடி மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாணவரையும் அவருடைய சென்ற தேர்வோடேயே ஒப்பிட்டார்கள். 2020இல் வந்த முடிவு: ஏ.சி. இல்லாத பள்ளிகளில், தேர்வுக்கு முந்தைய கல்வியாண்டு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது அரை டிகிரி செல்சியஸுக்குச் சற்றே கூடுதலாகச் சூடாக இருந்தால், அந்த ஆண்டின் கற்றலில் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. விடுமுறை நாட்களின் வெயிலுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. பள்ளி நடக்கும் நாட்களின் வெயிலுக்குத்தான். அறையைக் குளிரவைத்த பள்ளிகளில் பாதிப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அடி கூடுதலாக விழுந்தது.

நம் நாட்டைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. கர்க், ஜக்னானி, தராஸ் என்ற மூவர் செய்தது. 29 டிகிரி செல்சியஸுக்கு மேல் சராசரி வெப்பம் பதிவான நாட்கள் கூடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, கிராமப்புறப் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும் குறைகின்றன. வழி என்ன தெரியுமா? வெயில் பயிரைக் கருக்குகிறது, வீட்டு வருமானம் விழுகிறது, பிள்ளையின் சாப்பாடும் படிப்பும் அடிபடுகின்றன. நூறு நாள் வேலைத் திட்டம் நடந்த இடங்களில் இந்தப் பாதிப்பு குறைந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளையும் பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் நம் பிள்ளைகளை இரண்டு பக்கமிருந்தும் பிடிக்கிறது. வயலில் பிடிப்பதை ஒரு பள்ளிக்கூடம் தடுக்க முடியாது. கூரையில் பிடிப்பதைத் தடுக்கலாம்.

"ஏ.சி.க்கு எங்கண்ணே போறது?"

ஏ.சி.க்குப் போக வேண்டாம். காலடியில் இருப்பதற்குப் போவோம். உலகத்துக்கே சிமெண்ட் அனுப்பும் சுண்ணாம்பு மண் நம்முடையது. கூரையின் மேற்பரப்பில் அடர்த்தியாக வெள்ளை அடித்தால் வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். அகமதாபாத் நகரம் 2013இல் வெப்ப அலைக்கென்று செயல்திட்டம் வகுத்தது. பின்னர் 2017 முதல் ஏழைகள் வாழும் வீடுகளின் கூரைக்குச் சுண்ணாம்பு பூசும் இயக்கத்தையும் நடத்தியது. அறைக்குள் சில டிகிரி குறைகிறது. வெறும் சுண்ணாம்பு மழையில் கரைந்துவிடும். ஆகவே பசை சேர்த்து அடிக்க வேண்டும். வருடா வருடம் தேர்வுக்காலம் தொடங்குமுன், மாசியிலேயே திரும்ப அடிக்க வேண்டும். ஷீட் கூரையாக இருந்தால் அடியில் மூங்கில் தட்டியோ பலகையோ உள்கூரையாகப் போட்டு, நடுவே காற்று போக இடைவெளி விட வேண்டும். அடுப்பும் மின்கம்பியும் அதன் பக்கத்தில் இருக்கவே கூடாது. கும்பகோணத்தை மறந்துவிட்டு எந்தக் குளிர்ச்சியும் நமக்கு வேண்டாம். மேற்குச் சுவரையொட்டி வேம்பும் புங்கையும் வைத்தால் மதிய வெயிலையும் சாலைப் புழுதியையும் சேர்த்தே தடுக்கும். மரம் லாரிச் சத்தத்தை அவ்வளவாகக் குறைக்காது. அதற்கு இடைவெளியில்லாத சுற்றுச்சுவர்தான் வேண்டும்.

கூரை குளிர்ந்துவிட்டால் ஜன்னல் சிக்கலும் பாதி தீரும். சாலைப் பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் மேலே உள்ள காற்றுத் திறப்புகளையும் திறந்துவைக்கலாம். எல்லாவற்றையும் மூடுவது மட்டும் கூடாது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. 40 பேர் மூச்சுவிடும் மூடிய அறையில் அது கொஞ்ச நேரத்திலேயே 1000ஐத் தாண்டிவிடும். புழுக்கத்தில் தலை கனத்துப் பிள்ளை கொட்டாவி விட்டால் அதைச் சோம்பேறித்தனம் என்று கணக்கெழுதிவிடுகிறோம்.

வெளிச்சத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1999இல் கலிஃபோர்னியாவில் பகல் வெளிச்சம் நிறைய வரும் வகுப்பறைகளில் பிள்ளைகள் வேகமாக முன்னேறுகிறார்கள் என்று ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆய்வுக் குழு 2003இல் வேறு பகுதியில் பார்த்தபோது அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் கெடுதல் என்பதுதான் தெரிந்தது. நம் ஊருக்கு அது பொருந்துகிற பாடம். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்து, பலகை பளபளத்து, ஒரு மூலையில் உட்கார்ந்த பத்துப் பேருக்கு எழுத்தே தெரியாமல் போவதுதான் நம் சிக்கல். அந்த மூலையில் போய் உட்கார்ந்து பார்த்தால் பெரியவர்களுக்கும் விளங்கும். பலகைக்கு மங்கலான சாயம் பூசினால், இரண்டடி நகர்த்தினால் தீரும்.

இந்த இடத்தில் தங்கை குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு விட்டுட்டீங்கண்ணே. பொம்பளப் புள்ளைங்க காலையில இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல" என்றார்.

அவர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கழிப்பறை அழுக்காக இருந்தால், கதவில் தாழ்ப்பாள் இல்லாவிட்டால், பெண் பிள்ளை செய்வது ஒன்றுதான்: தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. வெக்கையில் தண்ணீர் குடிக்காத உடம்புக்குத் தலைவலியும் சோர்வும் வரும். வயிற்றுக்கடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு இயற்கணிதம் எங்கே ஏறும்? பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்று மணி அடிக்கும் வழக்கத்தைக் கேரளம் 2019இல் கொண்டுவந்தது, தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் கழிப்பறைக் கதவு பூட்டாத பள்ளியில் அந்த மணி பையன்களுக்கு மட்டும்தான் அடிக்கிறது. இந்தியப் பள்ளிகளில் கழிப்பறை கட்டியதன் பலனை ஆராய்ந்து அஞ்சலி அடுகியா 2017இல் எழுதினார். கழிப்பறை வந்தபோது சேர்க்கை கூடியது. சிறு பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறையும் உதவியது. பருவமடையும் வயதுப் பெண்களுக்கோ, தனிக் கழிப்பறை இருந்தால்தான் பலன். கல்வி உரிமைச் சட்டம் 2009 தனித்தனிக் கழிப்பறையையும் குடிநீரையும் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடத்தையும் அட்டவணை போட்டே கேட்கிறது. கட்டினால் போதாது. தினமும் கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும். சுவர் உறுதியாக இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை மறக்க முடியாது.

இனி பெஞ்சும் சுவரும். இதில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் கிராமக் கல்வி முறையிலிருந்து கற்று, எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போயிற்று. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரும்பலகை. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்குமேல் கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். அந்த முறையின் நிறைகுறைகளைப் பற்றிப் பேச நிறைய உண்டு. ஆனால் ஒன்றை அது கண்ணுக்கு முன் காட்டியது: அறையின் அமைப்பு மாறியதும் கடைசி பெஞ்சு என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயி கட்டடத்தையே பாடப்பொருளாக்கும் வழியைக் காட்டினார். கதவு திறக்கும் தரையில் கோணங்கள் வரைவது, ஜன்னல் கம்பியிலேயே பிள்ளை விரல் ஓட்டிப் பழக வளைவுகள் அமைப்பது என்று. செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 'ப' வடிவில் பெஞ்சுகளைப் போடச் சொன்னபோது எழுந்த விவாதமும் பயனுள்ளதே. 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படம் கிளப்பிய பேச்சு அது. கடைசி பெஞ்சு ஒழியட்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. 20 பேர் இருக்கும் வகுப்பில் அது அருமையாக நடக்கும். 45 பேர் இருக்கும் சின்ன அறையில் ப-வுக்குள் இன்னொரு ப போட வேண்டிவரும். ஓரத்தில் இருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பலகையைப் பார்க்க வேண்டிவரும். ஆகவே பெஞ்சை நகர்த்துமுன் தலையை எண்ண வேண்டும். இடமில்லாத வகுப்பில் வாரம் ஒருமுறை வரிசையைச் சுழற்றினாலே போதும். கடைமடைக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவது நமக்குத் தெரியாததா?

"எல்லாம் சரிண்ணே. அப்ப மரத்தடியில படிச்சவங்க?"

இதே மண்ணில் படித்தவர்தான் உ.வே. சாமிநாதையர். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கற்றார். எந்தக் கான்கிரீட் கட்டடத்திலும் இல்லை. ஆனால் அந்தப் படிப்பின் அமைப்பைப் பாருங்கள். ஆசிரியர் எதிரிலேயே இருக்கிறார். அருகில் நாலு பேர் இருந்தாலே அதிகம். அந்தக் காலத்துத் திண்ணையில் நிழல் உண்டு, காற்று உண்டு, லாரி இல்லை. கற்பதற்கு ஏற்ற சூழல் என்று இன்றைய ஆய்வுகள் எதைச் சொல்கின்றனவோ அது பெரும்பாலும் அங்கே இருந்தது. மரத்தடிக்கும் அதே நியாயம்தான். மரத்தடியில் படித்து உயர்ந்தவர்களை நாம் அறிவோம். வெக்கையிலும் இரைச்சலிலும் பாதியில் நின்றுபோனவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

அதேசமயம் கட்டடத்தின் பங்கைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. இங்கிலாந்தில் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாரெட் குழு 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் 3,766 பிள்ளைகளையும் ஆராய்ந்து 2015இல் சொன்னது: ஒரு வருடத்தில் பிள்ளைகளின் முன்னேற்றத்தில் உள்ள ஏற்றத்தாழ்வில் 16 சதவீதத்தை வகுப்பறையின் அமைப்பு விளக்குகிறது. மீதி எல்லாம் ஆசிரியர், வீடு, பிள்ளையின் திறமை, இன்னும் பல. அவர்கள் பார்த்தது வசதியான நாட்டின் பள்ளிகள். அங்கும் வெளிச்சம், வெப்பநிலை, காற்று ஆகிய மூன்றுக்கும் பெரிய பங்கு இருந்தது. முழுப் பள்ளியின் வடிவத்தைவிட ஒவ்வொரு வகுப்பறையின் நிலைதான் முக்கியம் என்பதும் அவர்கள் கண்டது. அதாவது முகப்பு வளைவுக்குப் படிப்பில் பங்கில்லை.

ஆகவே, தங்கையிடம் நான் சொன்ன வரிசை இது. முதலில் உயிர்: விரிசல் விட்ட சுவர், பழைய தளம், மின்கம்பி. இரண்டாவது கழிப்பறையும் தண்ணீரும். மூன்றாவது கூரைக்கு வெள்ளை, மேற்கே மரம். நான்காவது சாலைப் பக்கம் சுற்றுச்சுவர், வகுப்புகளுக்கு நடுவே முழுச்சுவர். ஐந்தாவது பலகை, பெஞ்சு, சுவர்ப் படங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு ஸ்மார்ட் போர்டைப் பற்றிப் பேசலாம். வெந்துகொண்டிருக்கும் அறையில் அதுவும் ஒரு கண்கூசும் விளக்குதான்.

இதைக் கேட்கும் அதிகாரம் பெற்றோருக்கு இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிக்குப் பாதி பெண்களும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022இல் அரசு அறிவித்து, ஊருக்கு ஊர் புதிய வகுப்பறைகள் எழுகின்றன. ஒரு முறை கட்டினால் 40 ஆண்டு நிற்கும் கட்டடம். ஜன்னல் எந்தத் திசை, கூரைக்கு என்ன பூச்சு, கழிப்பறைக்கு எங்கிருந்து தண்ணீர் என்று கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே குழு கேட்க வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும். கட்டி முடிந்த பின் கேட்டால் இடிக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி அறை மோசமாக இருந்தால் வீட்டு அறை ஈடுகட்டும். அங்கே ஃபேன் உண்டு, மேசை உண்டு, டியூஷன் உண்டு. கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு வீட்டிலும் அதே ஷீட் கூரை, அதே வெக்கை. அந்தப் பிள்ளைக்கு நல்ல இடம் என்று ஒன்று கிடைத்தால் அது பள்ளியில்தான் கிடைக்க வேண்டும். ஊரில் எந்தக் கட்டடம் எப்படி இருந்தாலும், காற்றும் வெளிச்சமும் அமைதியும் நிறைந்த முதல் அறை அரசுப் பள்ளியின் வகுப்பறையாக இருக்க வேண்டும். அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. பிள்ளைகளுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பாக்கி அது. அடுத்த கிராம சபையில் அந்தப் பாக்கியைக் கேட்டு வாங்குவோம்.